வெளிநாட்டுக் கொம்பனியோடு கட்டுமான நடுத்தீர்ப்பு: காசும் காலமும் கரையாமல் முடிக்க ஒரு வழிகாட்டி

திருகோணமலையில் வீதி, பாலம், இறங்குதுறை, குடிநீர்க் குழாய், சூரிய மின் வேலை என்று வெளிநாட்டுக் கொம்பனிகளுக்குக் கீழ் உப ஒப்பந்தம் எடுக்கும் உள்ளூர் ஒப்பந்தகாரர்களுக்காக இதை எழுதுகிறேன். வேலை நடப்பது கிண்ணியாவிலோ குச்சவெளியிலோதான். ஆனால் பணத்தில் தகராறு வந்தால், ஒப்பந்தத்தின் பின்பக்கங்களில் "சிங்கப்பூரில், ஆங்கிலத்தில், சர்வதேச வர்த்தக சம்மேளனமான ஐ.சி.சி.யின் விதிகளின்படி நடுத்தீர்ப்பு" என்று ஒரு வாசகம் காத்திருக்கும். நடுத்தீர்ப்பு என்றால், நீதிமன்றத்துக்குப் போகாமல் இரு தரப்பும் ஏற்ற நடுத்தீர்ப்பாளர் முன் தகராறைத் தீர்ப்பது. அதைப் பார்த்ததும் பலர் கையை விட்டுவிடுகிறார்கள். உழைத்த பணத்தை, கேட்க வழி தெரியாததால் விட்டுவிட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும். அது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

எங்கள் கொம்பனியின் கியூ.எஸ். (வேலை அளவும் செலவும் கணிக்கும் மதிப்பீட்டாளர்) என்ற முறையில் அப்படியொரு வழக்கை முதல் நோட்டீஸிலிருந்து தீர்ப்புப் பணம் வங்கிக்கு வரும்வரை கொண்டுபோனேன். அதில் நான் கண்டது இதுதான்: காசு பெரும்பாலும் கரைவது கடதாசி தேடுவதிலும், தேவையில்லாத விடயங்களுக்காகச் சண்டை பிடிப்பதிலும். அந்த இரண்டையும் குறைக்க நீங்களே நிறையச் செய்யலாம். சட்டத்தரணி கட்டாயம் வேண்டும். ஆனால் பாதி வேலையை முடித்துக்கொண்டு அவரிடம் போங்கள்.

1. கையெழுத்து வைக்க முன் ஐந்து விடயங்களைப் பாருங்கள்

எந்த அமைப்பின் விதிகள், நடுத்தீர்ப்பின் சட்ட இருப்பிடம் (எந்த நாட்டின் நடுத்தீர்ப்புச் சட்டமும் நீதிமன்றமும் அதை மேற்பார்வை செய்யும்) எது, எத்தனை நடுத்தீர்ப்பாளர்கள், எந்த மொழி, எந்த நாட்டுச் சட்டம். இந்த ஐந்தும் ஒரே பந்தியில் இருக்கும். வாசிக்கப் பத்து நிமிடம் போதும்.

முதலில் நடுத்தீர்ப்பாளர் எண்ணிக்கை. சிறிய உப ஒப்பந்தத்துக்கு மூன்று பேர் என்றால் கட்டணம் ஏறத்தாழ மூன்று மடங்காகும். மூன்று பேருக்கும் பொருந்தும் திகதி தேடுவதிலேயே மாதங்கள் போய்விடும். "இத்தனை தொகைக்குக் குறைந்த தகராறு என்றால் ஒருவர் போதும்" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். கையெழுத்துக்கு முன் கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். தகராறு வந்த பிறகு கேட்டால் மாட்டார்கள்.

அடுத்தது விரைவு நடைமுறை. ஐ.சி.சி.யின் 2021 விதிகளின்படி, 2021 ஜனவரி 1 அல்லது அதற்குப் பிறகு செய்த உடன்பாடு என்றால், தகராறுத் தொகை 30 இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேல் போகாத வழக்குகள் தானாகவே விரைவு நடைமுறைக்குள் வரும். 2017 மார்ச் 1 முதல் 2020 முடிவு வரை செய்த உடன்பாடுகளுக்கு அந்த வரம்பு 20 இலட்சம் டொலர். ஒரே நடுத்தீர்ப்பாளர். வழக்கை எப்படி நடத்துவது என்று தீர்மானிக்கும் முதல் முகாமைக் கூட்டத்திலிருந்து ஆறு மாதத்தில் தீர்ப்பு. கட்டணமும் குறைவு. சிங்கப்பூர் நடுத்தீர்ப்பு மையமான சியாக்கின் 2025 விதிகளில் இரண்டு வழி இருக்கிறது. 10 இலட்சம் சிங்கப்பூர் டொலர் வரையான தகராறுக்கு மூன்று மாதத்தில் தீர்ப்பு, 1 கோடி சிங்கப்பூர் டொலர் வரை ஆறு மாதத்தில் தீர்ப்பு. நம்முடைய உப ஒப்பந்தங்களில் அநேகமானவை இந்த வரம்புகளுக்குள் அடங்கும்.

இங்கேதான் முதல் பொறி. "விரைவு நடைமுறை பொருந்தாது" என்று ஒரு சின்ன வரி ஒப்பந்தத்தில் இருந்தால் இந்த வசதி போய்விடும். அந்த வரியைத் தேடிப் பாருங்கள். இருந்தால் வெட்டச் சொல்லுங்கள்.

இரண்டாவது பொறி: "முதன்மை ஒப்பந்தத்தின் நிபந்தனைகள் இதற்கும் பொருந்தும்" என்ற ஒற்றை வாக்கியம். முதன்மை ஒப்பந்தத்தை உங்களுக்குக் காட்டியே இருக்க மாட்டார்கள். விலைகளை மறைத்துவிட்டு நிபந்தனைகளின் பிரதியை மட்டும் தரும்படி எழுத்தில் கேளுங்கள். உங்கள் நோட்டீஸ் காலம், பணம் வரும் காலம் எல்லாம் அதற்குள்தான் இருக்கும்.

சட்ட இருப்பிடம் வேறு, விசாரணை நடக்கும் இடம் வேறு. இருப்பிடம் சிங்கப்பூர் என்று இருந்தாலும், இரு தரப்பும் சம்மதித்தால் கொழும்பில் ஒரு ஹோட்டல் மண்டபத்திலோ இணையவழியிலோ விசாரணை நடத்தலாம். இதையும் ஒரு வரியில் எழுதிக்கொள்ளுங்கள். சாட்சிக்குப் போகும் மேசனுக்கு விமான டிக்கட் எடுக்கும் செலவு மிச்சமாகும்.

2. முதல் நோட்டீஸை 28 நாளுக்குள் கொடுங்கள்

பெரும்பாலான வெளிநாட்டு வேலைகள் ஃபிடிக் (சர்வதேச ஆலோசனைப் பொறியியலாளர் கூட்டமைப்பு) வெளியிடும் மாதிரி ஒப்பந்த நிபந்தனைகளில் ஓடுகின்றன. சிவப்புப் புத்தகம் எனப்படும் அதன் கட்டுமான ஒப்பந்த நிபந்தனைகளின் 1999 பதிப்பானாலும் 2017 பதிப்பானாலும், மேலதிகக் காலமோ பணமோ கேட்பதற்கான நோட்டீஸ் 28 நாளுக்குள் போக வேண்டும். அந்தச் சம்பவத்தை நீங்கள் அறிந்த நாளிலிருந்து, அல்லது அறிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து கணக்கு ஓடும். தவறினால் கிளெயிமே இல்லை என்று எதிர்த்தரப்பு முதல் பக்கத்திலேயே எழுதும். அந்த ஒரு வாதத்தைத் தீர்க்கவே பல மாதம் பிடிக்கும்.

உப ஒப்பந்தத்தில் இந்தக் காலம் இன்னும் குறைவாக இருக்கலாம். உங்கள் நோட்டீஸை வாங்கித் தன் பங்குக்கு மேலே அனுப்ப முதன்மை ஒப்பந்தகாரருக்கும் நாள் வேண்டுமல்லவா? ஒப்பந்தம் கைக்கு வந்த அன்றே அந்த எண்ணைப் பார்த்து அலுவலகச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

நோட்டீஸ் நீளமாக இருக்கத் தேவையில்லை. என்ன நடந்தது, எப்போது, எந்த வாசகத்தின் கீழ் காலமும் பணமும் கேட்கிறோம் என்று மூன்று நாலு வரி போதும். தொகை பிறகு வரலாம். விவரமான கிளெயிமுக்கு 1999 பதிப்பில் 42 நாள், 2017 பதிப்பில் 84 நாள் இருக்கிறது. யாருக்கு, எந்த முகவரிக்கு, எந்த வழியில் அனுப்ப வேண்டும் என்று ஒப்பந்தம் சொல்கிறதோ அப்படியே அனுப்புங்கள். சைட் மீட்டிங்கில் வாயால் சொன்னோம், அவர்களும் தலையாட்டினார்கள் என்பது நோட்டீஸ் ஆகாது.

"நோட்டீஸ் கொடுத்தால் உறவு கெட்டுப்போகும், அடுத்த வேலை கிடைக்காது" என்று பயப்படுபவர்கள் நம் ஊரில் அதிகம். வெளிநாட்டுக் கொம்பனியின் ஒப்பந்தப் பிரிவில் இருப்பவர்களுக்கு நோட்டீஸ் அன்றாட வேலை. அவர்களும் தங்கள் உரிமையாளருக்கு ஒவ்வொரு வாரமும் அதைத்தான் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

3. சைட் பதிவுகள்: மற்ற எல்லாவற்றையும் விட இதற்கு நேரம் கொடுங்கள்

நடுத்தீர்ப்பின் செலவைக் குறைக்கும் வேலை சைட்டில்தான் தொடங்குகிறது. நாள் குறிப்பு ஒழுங்காக இருந்தால் நிபுணர் ஒரு வாரத்தில் முடிப்பதை, அது இல்லாவிட்டால் மணித்தியாலக் கட்டணத்துக்கு மாதக்கணக்கில் தேடுவார். அந்தக் கட்டணம் உங்கள் தலையில்.

நாள் குறிப்பில் "மழை. வேலை இல்லை" என்று மட்டும் எழுதினால் அதனால் பயனில்லை. இப்படி இருக்க வேண்டும்:

"நவம்பர் 12. காலை 7.30 முதல் 4.30. பாஸ் 3, கூலியாள் 8. எக்ஸ்கவேட்டர் 1, காலை 10 முதல் 2 மணி வரை சும்மா நின்றது. காரணம்: 4 ஆம் தூணுக்கான திருத்திய வரைபடம் வரவில்லை. முதன்மை ஒப்பந்தகாரரின் சைட் இன்ஜினியரிடம் 10.15க்குச் சொல்லப்பட்டது. அவர் கையொப்பம் கீழே."

யார், எந்த இயந்திரம், எத்தனை மணித்தியாலம், ஏன், யாரிடம் சொன்னோம் என்று ஐந்தும் அதில் இருக்கின்றன. கையொப்பம் வைக்க மறுத்தால், "மறுத்தார்" என்று எழுதி அன்றே மின்னஞ்சலில் படம் அனுப்பிவிடுங்கள்.

மழை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். திருகோணமலையில் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் மழை பெய்யும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே "மழையால் தாமதம்" என்று மட்டும் எழுதினால் எதிர்த்தரப்பு சட்டத்தரணி கேட்கும் முதல் கேள்வி, "அந்த மாதத்தில் மழை பெய்யும் என்று தெரிந்துதானே விலை போட்டீர்கள்?" என்பதுதான். ஃபிடிக்கின் கீழ் மழைக்கு மேலதிகக் காலம் வேண்டுமென்றால், வழக்கத்தை மீறிய மோசமான காலநிலை என்று காட்ட வேண்டும். அதற்கு வளிமண்டலவியல் திணைக்களத்தின் திருகோணமலை நிலையத் தரவு வேண்டும். வேலை நடந்த மாதத்துக்கு மட்டும் வாங்கினால் போதாது, ஒப்பிட்டுப் பார்க்க முந்தைய பல வருடத் தரவும் வேண்டும். திணைக்களத்துக்கு எழுத்தில் விண்ணப்பித்து, கட்டணம் கட்டி வாங்கலாம். தகராறு வரும்வரை காத்திருக்காமல் வேலை தொடங்கும்போதே வாங்கிவிடுங்கள். சைட்டிலும் ஒரு மழைமானி வையுங்கள். 2020 டிசம்பரில் புரவிப் புயல் நம் கரையைக் கடந்த நாளை யாரும் வழக்கமான வாடைக்கால மழை என்று சொல்ல முடியாது. சாதாரணக் கார்த்திகை மழையை அதோடு ஒன்றாகக் கட்டிக் கேட்டால் இரண்டுமே பலவீனமாகிவிடும்.

2022 எரிபொருள் தட்டுப்பாடு போன்றவையும் இப்படித்தான். "டீசல் இல்லை" என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அன்று உங்கள் சைட்டில் எந்த இயந்திரம் நின்றது, பவுசருக்கு எப்போது ஓடர் கொடுத்தீர்கள், எப்போது வந்தது என்பதற்கான பற்றுச்சீட்டுதான் ஆதாரம். மகாவலி மணலுக்கான அனுமதிப்பத்திரம் தாமதமானால் விண்ணப்பித்த திகதியும் கிடைத்த திகதியும் கோப்பில் இருக்க வேண்டும்.

வாய்மொழி உத்தரவு இன்னொரு பெரிய ஓட்டை. "இந்தச் சுவரை இன்னும் அரை மீட்டர் உயர்த்துங்கள், வேரியேஷன் (வேலை மாற்றத்துக்கான உத்தரவு) பிறகு பார்ப்போம்" என்று சைட்டில் சொல்வார்கள். 1999 சிவப்புப் புத்தகத்தின் கீழ், வாய்மொழி உத்தரவு வந்து இரண்டு வேலை நாளுக்குள் ஒப்பந்தகாரர் அதை எழுத்தில் உறுதிப்படுத்தி அனுப்பி, இன்ஜினியர் (வேலையின் உரிமையாளர் ஒப்பந்தத்தை நிர்வகிக்க நியமிப்பவர்) இரண்டு வேலை நாளுக்குள் எழுத்தில் மறுக்காவிட்டால், அந்தக் கடிதமே எழுத்து உத்தரவாகும். உங்கள் உப ஒப்பந்தத்தில் இது எப்படி இருக்கிறது என்று பாருங்கள். இல்லாவிட்டாலும் அன்று மாலையே ஒரு மின்னஞ்சல் போடுங்கள்.

வாட்ஸ்அப் குழுவை நம்பியே சைட் நடக்கிறது, சரி. ஆனால் மேற்பார்வையாளர் போனை மாற்றினால், வேலையை விட்டுப் போனால் எல்லாம் போய்விடும். மாதம் ஒரு தடவை குழுவின் உரையாடலைப் படங்களோடு ஏற்றுமதி செய்து அலுவலகக் கணினியில் போடுங்கள். குரல் செய்திகளும் அதில் இருக்கட்டும். கோப்புகளுக்குத் திகதி, இடம், விடயம் என்ற ஒழுங்கில் பெயர் வையுங்கள். பிறகு ஆயிரம் கோப்பை ஒழுங்காக்க இளநிலைச் சட்டத்தரணிக்கு மணித்தியாலக் கணக்கில் கொடுக்க வேண்டி வராது.

4. இடைப்படிகளைத் தாண்டிக் குதிக்காதீர்கள்

நேரே நடுத்தீர்ப்புக்குப் போனால், "படி தவறிவிட்டீர்கள், இந்த மன்றுக்கு அதிகாரமில்லை" என்று எதிர்த்தரப்பு எழுதும். உங்கள் பதிவுக் கட்டணமும் பல மாதமும் வீண்.

1999 பதிப்பில் ஒழுங்கு இது: தகராறு சபையிடம் (ஒப்பந்தத்தின் கீழ் தகராறுகளைத் தீர்க்க நியமிக்கும் குழு) கொடுத்தால் 84 நாளில் முடிவு. பிடிக்காவிட்டால் 28 நாளுக்குள் அதிருப்தி நோட்டீஸ். பிறகு இணக்கத்துக்கு 56 நாள். அதன் பிறகு நடுத்தீர்ப்பு. 2017 பதிப்பில் இன்ஜினியரின் முடிவு பிடிக்காவிட்டால் 28 நாளுக்குள் அதிருப்தி நோட்டீஸ் கொடுத்து, அதிலிருந்து 42 நாளுக்குள் சபைக்குக் கொண்டுபோக வேண்டும். சபைக்கு 84 நாள், மீண்டும் அதிருப்திக்கு 28 நாள், இணக்கத்துக்கு 28 நாள். அதிருப்தி நோட்டீஸ் தவறினால் அந்த முடிவு உங்களைக் கட்டிப்போடும். அதற்குப் பிறகு யாராலும் உதவ முடியாது.

இணக்கத்துக்கான நாட்களைச் சும்மா கழிக்காதீர்கள். எங்கள் வழக்கில் ஏழு கிளெயிமில் மூன்று அந்தக் காலத்திலேயே தீர்ந்தன. இரு தரப்பு கியூ.எஸ்.மாரும் சட்டத்தரணிகள் இல்லாமல் உட்கார்ந்து அளவுத் தாள்களை மட்டும் சரிபார்த்தோம். மற்றவற்றிலும் தொகையில் உடன்பாடு வந்தது. யார் பொறுப்பு என்ற கேள்வி மட்டும் மிஞ்சியது. அளவு பற்றிய சண்டை அதோடு முடிந்ததால் பிறகு அளவு நிபுணரின் வேலை பாதியாகக் குறைந்தது.

இவ்வளவும் நடக்கும்போது காலாவதிக் கணக்கும் ஓடிக்கொண்டிருக்கும். இலங்கைச் சட்டத்தில் எழுத்து ஒப்பந்தத்துக்கு ஆறு வருடம். எழுத்தில் இல்லாத வேலைகளுக்கு அதைவிடக் குறைவு. ஒப்பந்தம் வேறு நாட்டுச் சட்டத்தில் என்றால் சட்டத்தரணியிடம் முதல் சந்திப்பிலேயே இதைக் கேளுங்கள்.

5. தொடங்க முன் செலவைக் கணக்குப் போடுங்கள்

2003, 2004 ஆம் ஆண்டுகளில் இறுதித் தீர்ப்பு வந்த வழக்குகளை ஐ.சி.சி. ஆராய்ந்தபோது, மொத்தச் செலவில் 82 வீதம் தரப்புகள் தங்கள் வழக்கை நடத்தச் செலவழித்தது என்று கண்டது. அதாவது சட்டத்தரணி, நிபுணர், சாட்சி, மொழிபெயர்ப்பு. நடுத்தீர்ப்பாளர்களுக்குப் போனது 16 வீதம். அமைப்புக்குப் போனது 2 வீதம். ஐ.சி.சி. கட்டணத்தைப் பார்த்துப் பயந்து பின்வாங்குபவர்கள் இதைக் கவனியுங்கள். பெரும்பகுதி உங்கள் கையில்தான் இருக்கிறது.

ஐ.சி.சி.யில் பதிவுக் கட்டணம் 5,000 அமெரிக்க டொலர், அது திரும்பி வராது. அதன் பிறகு முற்பணம் கேட்பார்கள். அது தகராறுத் தொகையை வைத்துக் கணிக்கப்படும். ஆகவே, "கூட்டிக் கேட்டால்தான் பேரம் பேசலாம்" என்று தொகையை ஊதினால் முற்பணமும் ஊதும். சில வேளை விரைவு நடைமுறையின் வரம்பையும் தாண்டிவிடும். நிரூபிக்கக்கூடியதை மட்டும் கேளுங்கள்.

முற்பணத்தை இரு தரப்பும் சமமாகக் கட்ட வேண்டும். ஆனால் எதிர்த்தரப்பு கட்டாமல் இழுத்தடிப்பது நடக்கிற விடயம். அப்படியானால் அவர்கள் பங்கையும் நீங்கள் கட்டினால்தான் வழக்கு நகரும். கடைசியில் தீர்ப்பில் திருப்பிக் கேட்கலாம். ஆனால் அந்தக் காசு இப்போது கையில் வேண்டும். முழு முற்பணத்தையும் நீங்களே கட்டுவதாக நினைத்து வரவு செலவு போடுங்கள். வெளிநாட்டுக்கு டொலர் அனுப்ப வங்கி ஒப்பந்தப் பிரதியும் கட்டணக் கோரிக்கைக் கடிதமும் கேட்கும். கட்டக் கடைசித் திகதிக்கு மூன்று வாரம் முன்பே வங்கி முகாமையாளரிடம் போங்கள்.

சட்டத்தரணியோடு கட்டண ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். கட்டம் கட்டமாகத் தொகை பேசுங்கள்: கோரிக்கை எழுத இவ்வளவு, ஆவணக் கட்டத்துக்கு இவ்வளவு, விசாரணைக்கு இவ்வளவு என்று. ஒரு கட்டம் முடிந்ததும் நின்று யோசிக்க அது உதவும்.

இப்போது கிளெயிம்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே தொகை, ஆதாரம், வெல்லும் வாய்ப்பு என்று குறியுங்கள். சிறிய தொகை, பலவீனமான ஆதாரம் உள்ளவற்றை விட்டுவிடுங்கள். விடுவது கடினம், தெரியும். ஆனால் ஒவ்வொரு சின்னக் கிளெயிமும் தனக்கென்று சாட்சியையும் பக்கங்களையும் கேட்கும். எங்கள் சட்டத்தரணி அப்படி இரண்டை வெட்டச் சொன்னபோது எங்கள் முதலாளிக்குக் கோபம் வந்தது. வெட்டிய பிறகு கோரிக்கையின் நீளம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

வங்கி உத்தரவாதத்தை எதிர்த்தரப்பு திடீரென்று உடைத்துக் காசாக்கப் பார்த்தால் அவசர நடுத்தீர்ப்பாளர் என்று ஒரு வழி இருக்கிறது. ஐ.சி.சி.யில் அதற்கு மட்டும் 40,000 டொலர். சிறிய கொம்பனிக்கு அது கட்டுபடியாகாது. நீதிமன்றத் தடை உத்தரவு சாத்தியமா என்று முதலில் கேளுங்கள்.

6. வரைபடம் வாசிக்கத் தெரிந்த நடுத்தீர்ப்பாளரைத் தேடுங்கள்

பெரிய பெயர் முக்கியமில்லை. வேலை அட்டவணையையும் அளவுப் பட்டியலையும் பார்த்தவுடன் விளங்கிக்கொள்பவர் வேண்டும். கட்டுமான வழக்குகளில் அனுபவமுள்ள சட்டத்தரணியோ, சட்டம் படித்த பொறியியலாளரோ, கியூ.எஸ்.ஓ நல்லது. அடுத்த ஒரு வருடத்தில் அவருக்கு எத்தனை நாள் ஓய்வாக இருக்கிறது என்பதை நியமனத்துக்கு முன் எழுத்தில் கேட்கலாம். அப்படிக் கேட்பதில் ஒரு தவறும் இல்லை.

7. முதல் முகாமைக் கூட்டத்தில் கேட்டு வாங்க வேண்டியவை

நீங்கள் கோரிக்கை அனுப்பி, அது கிடைத்து 30 நாளில் எதிர்த்தரப்பு பதில் தர வேண்டும். அவர்கள் கூடுதல் நாள் கேட்பார்கள். அதன் பிறகு நடுத்தீர்ப்பாளர் இரு தரப்பையும் வைத்து, பெரும்பாலும் இணையவழியில், முகாமைக் கூட்டம் ஒன்று நடத்துவார். வழக்கின் மொத்தச் செலவும் இந்தக் கூட்டத்தில்தான் தீர்மானமாகிறது. சட்டத்தரணியை மட்டும் அனுப்பிவிட்டு வீட்டில் இருக்காதீர்கள். வேலை தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

எல்லாக் கிளெயிமையும் ஒரே அட்டவணையில் போடும் முறையைக் கேளுங்கள். கட்டுமான வழக்கில் இதைப்போல நேரம் மிச்சப்படுத்தும் கருவி வேறில்லை. ஒரு வரிசைக்கு ஒரு விடயம்: 14 ஆவது வேரியேஷன், மதகின் சிறகுச் சுவரை உயர்த்தியது, உத்தரவு வந்த மின்னஞ்சலின் எண், நாங்கள் கேட்கும் தொகை, அவர்கள் ஏற்கும் தொகை, மறுக்கும் காரணம். கடைசி நிரல் நடுத்தீர்ப்பாளரின் முடிவுக்காக வெறுமையாக இருக்கும். நூறு பக்கக் கட்டுரையில் ஒளிந்துகொள்ளக்கூடிய எதிர்த்தரப்பு, அந்தச் சின்னக் கட்டத்துக்குள் நேரான பதில் எழுதியே ஆக வேண்டும்.

அடுத்ததாக, ஒரே கேள்வியில் வழக்கின் பெரும்பகுதி தீருமா என்று பாருங்கள். உதாரணமாக, நோட்டீஸ் காலம் தவறியதா இல்லையா என்பது முடிவானால் மற்றவை இணக்கத்தில் தீரலாம். அப்படியானால் அதை முதலில் தீர்மானிக்கும்படி கேளுங்கள். ஆனால் அந்தக் கேள்விக்கும் மற்றவற்றுக்கும் ஒரே சாட்சிகள்தான் என்றால் பிரிக்காதீர்கள். அப்போது ஒரே ஆட்களை இரண்டு தரம் கூப்பிட வேண்டி வரும்.

பக்க வரம்பு, ஆவணக் கோரிக்கைக்கு எண்ணிக்கை வரம்பு, விசாரணைத் திகதி ஆகியவற்றையும் அன்றே குறித்துக்கொள்ளுங்கள். விசாரணைத் திகதி நாட்காட்டியில் விழுந்துவிட்டால் மற்ற இழுத்தடிப்புகள் தானாகக் குறையும். ஐ.சி.சி. வழக்கமான நடைமுறையில், வழக்கின் வரையறை ஆவணம் கையெழுத்தான பிறகு அனுமதி இல்லாமல் புதிய கிளெயிம் சேர்க்க முடியாது. ஆகவே அதற்கு முன் எல்லாம் உள்ளே இருக்கிறதா என்று ஒருமுறை சரிபாருங்கள்.

8. ஆவணங்களும் மொழிபெயர்ப்பும்

எதிர்த்தரப்பிடம் ஆவணம் கேட்கும்போது, "தாமதம் தொடர்பான எல்லாக் கடிதங்களும்" என்று கேட்டால் கிடைக்காது. சர்வதேச சட்டத்தரணிகள் சங்கத்தின் சாட்சிய விதிகள் குறுகிய, குறிப்பான வகையைத்தான் எதிர்பார்க்கின்றன. "மே முதல் ஜூலை வரை 4 ஆம் தூண் வரைபடம் பற்றி நீங்கள் வடிவமைப்பாளருக்கு அனுப்பிய மின்னஞ்சல்கள்" என்று கேட்டால் மறுப்பது கஷ்டம்.

நம் சைட் கொப்பிகள் தமிழிலும் சிங்களத்திலும் இருக்கும். நடுத்தீர்ப்பு ஆங்கிலத்தில். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்கள் பக்கக் கணக்கில் வாங்குவார்கள். எல்லாப் பக்கத்தையும் மொழிபெயர்க்கக் கொடுக்காதீர்கள். அட்டவணையில் நீங்கள் எண் குறிப்பிடும் பக்கங்களை மட்டும் கொடுங்கள். மீதிக்கு நீங்களே சுருக்க அட்டவணை ஒன்று ஆங்கிலத்தில் செய்து, அதன் சரித்தன்மையை எதிர்த்தரப்பு ஏற்கிறதா என்று கேளுங்கள். பெரும்பாலும் ஏற்பார்கள், ஏனென்றால் அவர்களுக்கும் அது செலவு. மொழிபெயர்த்தவர் "ஒழுக்கு", "கோக்காலி" போன்ற சைட் வார்த்தைகளை எப்படிப் போட்டிருக்கிறார் என்று மேற்பார்வையாளரோடு உட்கார்ந்து பாருங்கள்.

9. நிபுணர்கள்

தாமதத்துக்கு ஒருவர், அளவுக்கும் தொகைக்கும் ஒருவர். இதற்கு மேல் வேண்டுமென்றால் நன்றாக யோசியுங்கள். இரு தரப்பு நிபுணர்களும் வெவ்வேறு வேலை அட்டவணையை, வெவ்வேறு முறையை வைத்துக் கணக்குப் போட்டால் அறிக்கைகள் ஒன்றையொன்று தொடாமலே போய்விடும். நடுத்தீர்ப்பாளருக்கும் பயன் இல்லை. ஆகவே எந்த அட்டவணை, எந்தத் திகதிகள், எந்த முறை என்பதை அறிக்கை எழுத முன்பே இரு நிபுணர்களும் சந்தித்து எழுதிக்கொள்ள உத்தரவு கேளுங்கள். ஒத்துப்போகும் விடயங்கள், ஒத்துப்போகாதவை, காரணம் என்று ஒரு கூட்டறிக்கை வரட்டும். விசாரணையில் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து ஒரே கேள்வியைக் கேட்கும் முறை இருக்கிறது. நாட்கணக்கான குறுக்கு விசாரணை மணித்தியாலங்களில் முடியும்.

10. விசாரணை

இணையவழி என்றால் மின்சாரத்துக்கும் இணைப்புக்கும் மாற்று ஏற்பாடு வேண்டும். ஜெனரேட்டர் உள்ள ஒரு ஹோட்டல் அறையை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். சாட்சி தமிழில் பேசுவார் என்றால் உரைபெயர்ப்பாளர் வருவதை நாட்காட்டியில் சேர்க்கச் சொல்லுங்கள். உரைபெயர்ப்போடு சாட்சியம் எடுத்தால் நேரம் ஏறத்தாழ இரட்டிக்கும். இரு தரப்புக்கும் சம மணித்தியாலம் ஒதுக்கி மணிக்கூடு பிடிக்கும் முறையில், அந்த மேலதிக நேரம் உங்கள் கணக்கில் விழாதபடி முதலே பேசிக்கொள்ளுங்கள்.

எதிர்த்தரப்பு தவணை தவறிய நாட்களை ஒரு தாளில் குறித்து வையுங்கள். ஐ.சி.சி. விதிகளின்படி, வழக்கை விரைவாகவும் சிக்கனமாகவும் நடத்தினார்களா என்பதைச் செலவுத் தீர்ப்பில் நடுத்தீர்ப்பாளர் கணக்கில் எடுக்கலாம்.

11. தீர்ப்பு கைக்கு வந்த பிறகு

கூட்டல் பிழை, பெயர்ப் பிழை இருந்தால் உடனே பாருங்கள். ஐ.சி.சி.யில் திருத்தம் கேட்க 30 நாள். இருப்பிடம் இலங்கை என்றால் 1995 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நடுத்தீர்ப்புச் சட்டத்தின் கீழ் 14 நாள்தான்.

இலங்கையில் வழங்கிய தீர்ப்பைத் தள்ளுபடி செய்யக் கேட்க, தீர்ப்பு கிடைத்ததிலிருந்து 60 நாள் உண்டு. இருப்பிடம் சிங்கப்பூர் என்றால் அந்த விண்ணப்பம் அங்கேதான், மூன்று மாதத்துக்குள். அந்தக் காலம் முடியும்வரை காத்திருக்காமல் வசூலுக்குத் தயாராகுங்கள்.

எதிர்த்தரப்பின் சொத்து, வங்கிக் கணக்கு, வரவேண்டிய பில் இலங்கையில் இருந்தால் அமுலாக்க விண்ணப்பம் கொழும்பு மேல் நீதிமன்றத்தில். தீர்ப்பு வழங்கி 14 நாள் கழிந்த பிறகு ஒரு வருடத்துக்குள் போட வேண்டும். இந்த ஒரு வருடம் தவறினால் வென்ற தீர்ப்பு வெறும் கடதாசிதான். வேலையை முடித்துக்கொண்டு கொம்பனி நாட்டை விட்டுப் போயிருந்தால், 1958 நியூயோர்க் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில், அவர்களது சொந்த நாட்டிலேயே, அமுல்படுத்தக் கேட்கலாம். இலங்கையும் அதில் அங்கம்.

கொழும்புக்கு இரவு ரயில் ஏற முன் பையில் இவை இருக்க வேண்டும்: தீர்ப்பின் மூலப்பிரதி அல்லது முறையாக அத்தாட்சிப்படுத்திய பிரதி, நடுத்தீர்ப்பு வாசகம் உள்ள ஒப்பந்தத்தின் மூலம் அல்லது அத்தாட்சிப் பிரதி, கொம்பனிப் பதிவுச் சான்றிதழ், வழக்கிட அதிகாரம் கொடுக்கும் பணிப்பாளர் சபைத் தீர்மானம். அத்தாட்சிப்படுத்திய தீர்ப்புப் பிரதிகளை ஐ.சி.சி. செயலகத்திடம் கேட்கும்போதே நாலைந்து சேர்த்துக் கேளுங்கள். வெளிநாட்டில் இன்னொரு விண்ணப்பம் போட வேண்டி வந்தால் திரும்பவும் எழுதிக் காத்திருக்க வேண்டியதில்லை.